மைண்ட் பண்ணுவதும் மனசில் வைப்பதும்

குரோம்பேட்டையிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போயிருக்கிற தம்பியின் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அவருக்கு ஒரு கஃபேயில் பகுதிநேர வேலை. மேனேஜர் அம்மா "வுட் யூ மைண்ட் டூயிங் சண்டே?" என்று கேட்க, ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று சொல்வதாக நினைத்து இவர் "நோ" என்றிருக்கிறார். அந்த அம்மா சந்தோஷமாக நன்றி சொல்லிவிட்டு ஷிப்ட் பட்டியலில் பெயரை எழுதிவிட்டார். இன்னொரு நாள் கூடத் தங்கியிருக்கும் பையன் "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் த விண்டோ?" என்று கேட்டிருக்கிறான். தாராளமாகத் திறக்கட்டும் என்று இவர் "யெஸ்" சொன்னதும் அவன் முகம் மாறிப்போய் ஜன்னல் பக்கமே போகவில்லை. இது போதாதென்று மேனேஜர் தினமும் கிளம்பும்போது "மைண்ட் அண்ட் லாக் த பேக் டோர்" என்கிறாராம். "அக்கா, இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? எதுக்கு யெஸ், எதுக்கு நோ?" என்று கேட்கிறார்.

தம்பி, கேட்டது நல்லதாகப் போயிற்று. இது விசா வரைக்கும் போகக்கூடிய விஷயம், அதற்கும் வருகிறேன்.

லீவுக்குப் பெரம்பூரில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன், இங்கிருந்துதான் எழுதுகிறேன். இந்த வீட்டில் காதில் விழுகிற இரண்டு வாக்கியங்களே உங்களுக்குப் போதும். "நான் சொன்னதை மனசுல வச்சுக்கோ" என்றால் மறக்காதே என்று அர்த்தம். "ஏதோ கோபத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதே" என்றால் குறையாக எடுத்துக்கொள்ளாதே என்று அர்த்தம். ஒரே வினைதான், ஒரு பக்கம் ஞாபகம், இன்னொரு பக்கம் மனக்குறை, நமக்கு இதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. ஆங்கிலத்து மைண்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு ஞாபகம் என்பது முக்கியமான பொருள். சமஸ்கிருத மனஸும் இந்த மைண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை, அந்த மனஸைத்தான் நாம் பேச்சில் மனசு என்கிறோம். அதனால் மனசை வைத்து மைண்டைப் பிடிப்பது ஒட்டும் உறவும் உள்ள வழிதான்.

உங்கள் ஜன்னலுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். "டூ யூ மைண்ட்" என்று காதில் விழுந்ததும் "மனசுல ஏதாவது வச்சுப்பீங்களா, உங்களுக்கு ஏதும் சிரமமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தானாக "சேச்சே, இல்லைங்க" என்று வரும், அதுதான் நோ. அந்தப் பையன் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்கவில்லை, திறந்தால் உங்களுக்குக் கஷ்டமா என்று கேட்டான். நீங்கள் யெஸ் என்றதும் ஆமாம், கஷ்டம்தான் என்று எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கதையும் இதேதான், வேலை பார்ப்பதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்குச் சிரமமே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். நம் ஊர் ஆட்கள் மாட்டிக்கொள்வதற்குக் காரணம், உதவி கேட்கிற தொனி காதில் விழுந்த உடனே நாம் கேள்வியின் சொற்களை விட்டுவிட்டு உதவிக்கே பதில் சொல்லிவிடுகிறோம். தாம்பரம் வண்டியில் ஒருவர் "கொஞ்சம் தள்ளி உட்காரலாமா?" என்றால் "ம், உட்காருங்க" என்போம், அங்கே பேச்சு அவ்வளவு நேர்.

இதோடு ஒட்டிய இன்னொரு தொல்லையும் உண்டு. "நீ சாப்பிடலையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, சாப்பிடலை" என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் சாப்பிடவில்லை என்றால் எப்படிக் கேட்டாலும் நோதான். "ஹேவன்ட் யூ ஈட்டன்?" என்பதற்கு "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் சாப்பிட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சரி, யெஸ், நோ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் ஊரிலிருந்து வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது. வெள்ளைக்காரர்களே இந்தக் கேள்விக்கு எப்போதும் இலக்கணப்படி பதில் சொல்வதில்லை. "ஷ்யூர், கோ அஹெட்" என்று சொல்லிக் கையால் ஜன்னலைக் காட்டுவார்கள், யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் பின்னால் வருகிற சொல்லும் கையும் சேர்ந்து பேசிவிடுகின்றன. நீங்கள் "நோ, நாட் அட் ஆல், கோ அஹெட்" என்று முழுசாகச் சொல்லுங்கள். சம்மதம் இல்லையென்றால் "ஐ'ட் ராதர் யூ டிடின்ட்" என்று சொல்லி "ஐ ஹேவ் அ கோல்டு" என்று காரணத்தையும் சேர்த்துவிடுங்கள். மறுப்பதைவிட, மறுத்துவிட்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதைத்தான் அங்கே மரியாதைக்குறைவாக நினைப்பார்கள் என்பது என் அனுபவம்.

அப்புறம் அந்தப் பின்கதவு. மைண்டுக்கு ஞாபகம் என்ற பழைய பொருள் இங்கிலாந்தில் தேய்ந்துபோனாலும் ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "மைண்ட் அண்ட் லாக் த டோர்" என்றால் மறக்காமல் கதவைப் பூட்டு, அவ்வளவுதான். கிளாஸ்கோவில் டிராம் 1962இல் நின்றுபோனது, நம் மெட்ராஸில் 1953லேயே நிறுத்திவிட்டார்கள். கஃபேக்கு வருகிற ஒரு பெரியவர் "ஐ மைண்ட் த டிராம்ஸ்" என்று ஆரம்பித்தால் டிராமைப் பற்றிக் குறை சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு டிராம் ஞாபகம் இருக்கிறது என்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், நல்ல கதை கிடைக்கும்.

லண்டன் பக்கம் வந்தால் "மைண்ட் த கேப்" என்ற அறிவிப்பு பாதாள ரயிலில் கேட்கும். அங்கே கவனம் வை என்று பொருள். சில நிலையங்களில் நடைமேடை வளைவாக இருக்கிறது, ரயில் பெட்டியோ நேராக இருக்கிறது, அதனால் நடுவில் கால் மாட்டுகிற அளவுக்கு இடைவெளி விழுகிறது. 1968இல் இந்த வாசகம் வந்தது. நார்தர்ன் லைன் என்ற தடத்தில் இதை ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரலில் ஒலிபரப்பி வந்தார்கள். அவர் 2007இல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி அந்தக் குரலைக் கேட்பதற்காகவே எம்பாங்க்மென்ட் நிலையத்துக்குப் போய் உட்காருவாராம். குரலை மாற்றிய பிறகு அவர் கேட்டுக்கொண்டதால், 2013இல் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் பழைய குரலைத் திரும்பப் போட்டார்கள். அந்தப் பக்கம் போனால் வடக்கே போகும் நார்தர்ன் லைன் நடைமேடையில் நின்று கேளுங்கள்.

பார்த்துக்கொள்வது என்ற பொருளிலும் இது வரும், இங்கே பதில் தலைகீழாகும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நூலகத்தில் ஒருத்தி "குட் யூ மைண்ட் மை பேக்?" என்றால் பையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறாள், முடியும் என்றால் யெஸ். அதையே "வுட் யூ மைண்ட் வாட்சிங் மை பேக்?" என்று கேட்டால் சிரமமா என்ற கேள்வி, பதில் நோ. சம்மதித்துவிட்டால் அவள் திரும்பி வரும்வரை எழுந்து போகக் கூடாது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு: காசு வாங்கிக்கொண்டு தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு சைல்ட்மைண்டர் என்று பெயர். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பார்த்துக்கொள்பவர், பள்ளிகளையும் குழந்தைப் பராமரிப்பையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டிலோ அங்கீகரித்த ஏஜென்சியிலோ பதிந்திருக்க வேண்டும். விடுவதற்கு முன் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நம் சென்னைப் பேச்சில் "அவன் என்னை மைண்டே பண்ணலை" என்கிறோமே, அது கண்டுகொள்ளவில்லை என்ற பொருள், கவனம் வைப்பது என்ற அர்த்தத்தின் வாரிசு. நமக்குள் பேச அழகான சொல். ஆனால் அதை அப்படியே ஆங்கிலமாக்கி "ஹி டிடின்ட் மைண்ட் மீ" என்றால் நான் இருந்ததில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை என்றாகிவிடும், கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். "ஹி இக்னோர்ட் மீ" என்று சொல்லிவிடுங்கள். டீயா காபியா என்று கேட்டால் எதுவானாலும் சரி என்பதற்கு "ஐ டோன்ட் மைண்ட்" இதமானது. "ஐ டோன்ட் கேர்" வேண்டாம், எனக்கென்ன வந்தது என்பதுபோல் ஒலிக்கும். எழுதும்போது வுட் யூ மைண்டுக்குப் பிறகு வெயிட்டிங், ஹெல்ப்பிங் என்றுதான் வரும், டு வெயிட் வராது.

இப்போது விசா. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். வாரம் என்பது திங்களில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது, எத்தனை இடத்தில் வேலை பார்த்தாலும் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு, ஒரு வாரம் கூடி மறுவாரம் குறைத்தேன் என்று சராசரி சொல்ல முடியாது. ஒரு வருட மாஸ்டர்ஸில் கோடையில் ஆய்வறிக்கை எழுதுகிற மாதங்களும் பொதுவாகப் பாடக் காலத்தில்தான் சேரும். திங்கள் முதல் சனி வரை பார்த்த வேலையோடு இந்த ஞாயிறு ஷிப்டும் சேர்ந்தால் 20ஐத் தாண்டுமா என்று இன்றைக்கே கூட்டிப் பாருங்கள். தாண்டினால் மேனேஜரிடம் நேரில் போய் "ஐ'ம் சாரி, ஐ மீன்ட் ஐ கான்ட் டூ சண்டே, இட் வுட் டேக் மீ ஓவர் மை ட்வென்டி அவர்ஸ்" என்று சொல்லுங்கள். விதியை மீறி வேலை கொடுத்தால் முதலாளிக்கும் அபராதம் உண்டு, அதனால் விஷயம் தெரிந்த மேனேஜர் தானே பெயரை மாற்றிவிடுவார். சொன்னதை அன்றைக்கே ஒரு வரி மெசேஜாகவும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.