சிக்கனம் சொல்பவருக்குச் சம்பளம் தருவது யார்?

கேள்வி: பணத்தை வீணாக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்லியே பிரிட்டனில் மார்ட்டின் லூயிஸ் என்பவர் பெரும் செல்வந்தராகிவிட்டார் என்று படித்தேன். செலவு செய்யாதே என்று சொல்பவருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?
– பள்ளி ஆசிரியை ஒருவர், காரைக்குடி

பதில்: இந்தத் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். லூயிஸ் 2003 பிப்ரவரியில் ஏறத்தாழ 100 பவுண்டு செலவில் தம்முடைய இணையதளத்தைத் தொடங்கினார். எந்த வங்கி சேமிப்புக்குக் கூடுதல் வட்டி தருகிறது, எந்தக் கடன் அட்டைக்கு மாறினால் நிலுவைத் தொகைக்குச் சில மாதங்கள் வட்டியில்லாமல் இருக்கும், எரிவாயு வழங்கும் நிறுவனத்தை மாற்றினால் ஆண்டுக்கு எவ்வளவு மிஞ்சும் என்றெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவதும், அவற்றைத் தொகுத்து வாரந்தோறும் மின்னஞ்சலில் அனுப்புவதும்தான் அதன் வேலை. படிப்பவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை, விளம்பரங்களும் வாங்குவதில்லை.

வருமானம் இணைப்புகள் வழியாக வந்தது. கட்டுரையில் இருக்கும் இணைப்பைச் சொடுக்கி ஒரு வாசகர் அந்த வங்கியிலோ நிறுவனத்திலோ வாடிக்கையாளரானால், அந்த நிறுவனம் தளத்துக்கு ஒரு தொகை கொடுக்கும். அப்படிப் பணம் தரும் இணைப்புகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிடுவது வழக்கம். அதே பொருளுக்குப் பணம் தராத இணைப்பும் கூடவே இருக்கும். எது சிறந்தது என்பதை முதலில் ஆசிரியர் குழு முடிவு செய்யும், அதற்குப் பணம் கிடைக்குமா என்பது பிறகுதான் பார்க்கப்படும் என்பது அவர்கள் அறிவித்துக்கொண்ட விதி. இந்தத் தளத்தை 2012இல் மணிசூப்பர்மார்க்கெட் என்னும் விலை ஒப்பீட்டு நிறுவனம் 8.7 கோடி பவுண்டு வரை தருவதாக ஒப்புக்கொண்டு வாங்கியது. அதில் ஒரு பகுதி பின்னாளில் எட்ட வேண்டிய இலக்குகளைப் பொறுத்தது. விற்பனையின்போது லூயிஸ் ஒரு கோடி பவுண்டை அறப்பணிகளுக்கு ஒதுக்குவதாக அறிவித்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் சொன்னது 'வாங்காதே' என்பதை அல்ல, 'மலிவான இடத்துக்கு மாறு' என்பதை. ஒருவர் மாறினால் யாரோ ஒருவருக்குப் புது வாடிக்கையாளர் கிடைக்கிறார், ஆகவே தரகு கிடைக்கிறது. ஒன்றுமே வாங்காமல் சும்மா இருப்பவரால் யாருக்கும் தரகு இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், சிக்கனம் பேசுகிறவர்கள் பலருடைய தொழிலையும் புரிந்துகொள்வது எளிது.

கேள்வி: மார்ட்டின் லூயிஸ் பட்டயக் கணக்காளரா, வங்கியில் வேலை பார்த்தவரா? இந்த வேலைக்கு என்ன படித்தார்?
– கல்லூரி மாணவர் ஒருவர், திருச்சி

பதில்: இரண்டும் அல்ல. இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் அரசியலும் சட்டமும் படித்தவர். பிறகு நிதி நிறுவனங்களுக்கான மக்கள் தொடர்புப் பணியில் சில காலம் இருந்தார். அதை விட்டுவிட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பு இதழியல் பயின்று, பி.பி.சி.யில் பணியாற்றி, அதன்பின் பணம் பற்றியே பேசும் ஒரு செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்தினார். அந்தத் தொலைக்காட்சி மூடப்பட்ட பிறகுதான் சொந்தத் தளம் வந்தது. அதாவது, அவர் தொழிலால் பத்திரிகையாளர். எந்தப் பங்கை வாங்கலாம், பணத்தை எதில் முதலீடு செய்யலாம் என்று சொல்வதை அவர் தம் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை.

பத்திரிகையாளராக இருந்ததுதான் அவருடைய பலம் என்பது என் கருத்து. கணக்கில் இருப்பை மீறி எடுத்ததற்காக வங்கிகள் விதித்த தண்டக் கட்டணங்களைத் திரும்பக் கேட்கும் மாதிரிக் கடிதங்களை எழுதி இலவசமாகக் கொடுத்தார். பலருக்குப் பணம் திரும்பியது. ஆனால் 2009 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. அதைவிடப் பெரியது, கடனோடு சேர்த்துத் தேவையில்லாதவர்கள் தலையிலும் கட்டப்பட்ட கடன் பாதுகாப்புக் காப்பீட்டு (வேலை போனாலோ நோயுற்றாலோ தவணையைக் கட்டும் காப்பீடு) விவகாரம். அந்தக் காப்பீட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு செய்யும் கெடு 2019 ஆகஸ்டில் முடிந்தது. வங்கிகள் திருப்பிக் கொடுத்த மொத்தத் தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. இடைத்தரகு நிறுவனங்கள் மீட்ட தொகையில் பெரும் பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், நீங்களே எழுதிக் கேட்கலாம், தபால்தலைச் செலவு மட்டும்தான் என்று மாதிரிக் கடிதத்தைக் கையில் கொடுத்த சிலருள் அவரும் ஒருவர். இந்த வேலைக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்கும் பொறுமை தேவைப்பட்டது.

அவருடைய புகழே பிறகு வேறொரு தொல்லையானது. அவர் படத்தைப் போட்டு மோசடி முதலீட்டு விளம்பரங்கள் பரவியதால், 2018இல் ஃபேஸ்புக் மீது வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டு சனவரியில், மோசடி தடுப்புப் பணிக்காக ஒரு குடிமக்கள் ஆலோசனை அமைப்புக்கு 30 லட்சம் பவுண்டு மதிப்பில் அந்நிறுவனம் உதவி தர ஒப்புக்கொண்டதும் வழக்கைத் திரும்பப் பெற்றார்.

கேள்வி: உண்மையிலேயே 'வாங்காதே' என்று மட்டும் சொல்லிப் பிழைத்தவர் யாரேனும் உண்டா?
– ஓய்வுபெற்ற தபால்துறை ஊழியர், கும்பகோணம்

பதில்: உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், லீட்ஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஏமி டெசிஷன். வரைகலைப் பணியில் இருந்தவர். கணவர் கடற்படையில் இருந்தார். ஆண்டுக்கு 30,000 டாலருக்கும் குறைவான குடும்ப வருமானத்தில், குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, ஏழாண்டுகளில் 49,000 டாலர் சேமித்து ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள். அதை எப்படிச் செய்தோம் என்று எழுதத் தொடங்கிய செய்தி மடல் 1990இல் வெளிவந்தது. ஆண்டுச் சந்தா 12 டாலர். ஒரு ஞாயிறு இதழில் அவரைப் பற்றிய கட்டுரை வந்தபின் சந்தாதாரர் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறி, உச்சத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்தைத் தொட்டது.

அவர் பரப்பிய வழிகளில் இன்றும் நிற்பது விலைக் குறிப்பேடு. ஒவ்வொரு மளிகைப் பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் கடையில், எந்த அளவுப் பொட்டலம், அலகுக்கு என்ன விலை என்று தொடர்ந்து குறித்து வந்தால், 'தள்ளுபடி' என்ற அட்டைக்குப் பின்னால் உண்மையில் தள்ளுபடி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். சந்தாப் பணம் வாசகரிடமிருந்தே வந்ததால், எந்தக் கடைக்காரரின் மனமும் கோணாமல் எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. போதிய அளவு சம்பாதித்தாயிற்று என்று 1996 இறுதியில் மடலை நிறுத்திவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தாமே நிறுத்திய சிக்கன எழுத்தாளர் அவரைத் தவிர வேறு ஒருவர் என் நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: தமிழில் வீட்டுச் சிக்கனம், சேமிப்பு, முதலீடு பற்றிக் காணொளி வெளியிட்டு இதையே முழுநேரத் தொழிலாக்க விரும்புகிறேன். உரிமம் ஏதும் வேண்டுமா?
– மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள், சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச உரிமம் தேவையில்லை, விவரம்தான் தேவை. தமிழ்நாட்டு மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. ஆகவே 490இல் நிற்பவருக்கும் 510க்குப் போனவருக்கும் உள்ள வித்தியாசம் வெறும் இருபது யூனிட்டின் விலை அல்ல. 'விளக்கை அணையுங்கள்' என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறவருக்குத்தான் வாசகர் வருவார்.

முதலீடு என்று வந்தால் எல்லை மாறுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு இன்ன பங்கை வாங்குங்கள், இன்ன நிதியில் போடுங்கள் என்று சொல்வதற்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் ஒழுங்குமுறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டப்படிப்பும், செபி நிறுவிய கல்வி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பத்து-ஏ, பத்து-பி என்ற இரு தேர்வுகளில் தேர்ச்சியும் கேட்கப்படும். மாறாக, பரஸ்பர நிதிகளை விற்றுத் தரகு பெற வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ஐந்து-ஏ தேர்வும், பரஸ்பர நிதி நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் பதிவு எண்ணும் வேண்டும். அது விற்பனையாளர் வேலை, ஆலோசகர் வேலை அல்ல. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் விற்பனைத் தரகும் சேர்த்து வாங்க முடியாது.

நான் கல்விதானே கொடுக்கிறேன் என்ற பதிலுக்கும் இப்போது இடம் குறைந்துவிட்டது. பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவர்களோடு தரகர்களும் நிதி நிறுவனங்களும் பணத் தொடர்பு வைக்கக் கூடாது என்று 2024இல் செபி விதித்தது. வெறும் கல்வி என்று சொல்பவர்கள் கடந்த மூன்று மாதங்களின் பங்கு விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது என்று 2025 சனவரியில் தெளிவுபடுத்தியது. ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டுச் செலவு, கடன், காப்பீட்டு ஒப்பந்தங்களின் நிபந்தனைகள் என்ற வட்டத்துக்குள் நில்லுங்கள். வேலையை உடனே விட்டுவிட வேண்டாம். வருமானத்துக்கு அவசரப்படுகிறவர்தான் முதலில் வரும் விளம்பரதாரருக்குத் தலையாட்டுவார்.

கேள்வி: எங்கள் ஆலோசகர் கட்டணமே வாங்குவதில்லை. நல்ல மனிதர். அவரிடம் போய் 'உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்' என்று எப்படிக் கேட்பது?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: கேட்கவே வேண்டாம். உங்கள் பரஸ்பர நிதிக் கணக்கு அறிக்கையை எடுத்துத் திட்டத்தின் பெயரைப் பாருங்கள். 'ரெகுலர்' என்று இருந்தால், நிதி நிறுவனம் உங்கள் முதலீட்டிலிருந்து எடுக்கும் செலவுத் தொகையின் ஒரு பகுதி அவருக்கு ஆண்டுதோறும் தரகாகப் போகிறது. 'டைரக்ட்' என்று இருந்தால் போகவில்லை. இந்த இரண்டாவது வகை 2013 சனவரியிலிருந்து எல்லாருக்கும் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே செலவு விகிதத்தில் முக்கால் விழுக்காடு வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய் ஆகிறது. சந்தை விழும்போது பதறி விற்காமல் உங்களை அவர் தடுத்திருந்தால், படிவங்களையும் வாரிசு நியமனத்தையும் ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்திருந்தால், அந்தத் தொகை தகும் என்று நீங்கள் கருதலாம். இல்லையென்றால், செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலோசகர்களின் பட்டியல் இருக்கிறது. கட்டணம் கேட்கும் ஒருவரிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள்.