சால்வையை எடுத்தவள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க எழுத்தாளர் ஸிந்தியா ஓசிக்கின் 'தி ஷால்' (சால்வை) நூலை வாசித்தேன். நாஜிகளின் வதைமுகாமில் யூதக் குழந்தை மாக்தா கொல்லப்படும் முதல் கதையைவிட, பல ஆண்டுகளுக்குப் பின் மயாமியில் நடக்கும் இரண்டாம் கதையே என்னை அதிகம் அலைக்கழித்தது. எல்லோரும் அழிந்தபின் எஞ்சியவர்கள் தாய் ரோசாவும் உறவுப் பெண் ஸ்டெல்லாவும்தான். அவர்களுக்குள் ஏன் இவ்வளவு கசப்பு? துன்பம் மனிதர்களை நெருங்கச் செய்யும் என்றே நம்பியிருந்தேன். இந்தக் குடும்பப் பகையை எழுதுவது மாண்டவர்களைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

ஒரே கொடுமைக்கு ஆளானவர்கள் அதனாலேயே ஒன்றுபட்டுவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கொடுமை எப்படி நடத்தப்பட்டது என்பதை அது கணக்கில் கொள்வதில்லை. யூதர் என்பதை மறைக்கும் போலி ஆவணத்துடன் யார் தப்புவது, யார் பின்தங்குவது, கிடைத்த ரொட்டித் துண்டு யாருக்கு என்ற முடிவுகளை நாஜிகள் அந்தந்தக் குடும்பத்தின் கையிலேயே திணித்தார்கள். போர் 1945இல் முடிந்தது. ஆனால் அம்முடிவுகளை எடுத்தவர்களும் அவற்றால் இழந்தவர்களும், இருவருமே உயிர் பிழைத்திருந்தால், அதன்பின் உறவினர்களாகவே வாழ வேண்டியிருந்தது.

முதல் கதையை மறுபடி பாருங்கள். பதினைந்து மாதக் குழந்தை மாக்தாவைக் காவலர் கண்ணில் படாமல் மறைப்பதும், தாய்க்குப் பால் வற்றியபின் குழந்தை வாயில் வைத்துச் சப்புவதும் அந்தச் சால்வைதான். பதினான்கு வயது ஸ்டெல்லா அதை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். குளிராக இருந்தது என்பதற்கு மேல் அவளிடம் காரணம் இல்லை. சால்வையைத் தேடித் தள்ளாடியபடி வெளியே வந்த குழந்தையைக் காவலன் மின்வேலியின் மீது வீசுகிறான். அவனை ஓசிக் எப்படிக் காட்டுகிறார் என்று கவனித்தீர்களா? ஒரு தலைக்கவசம், ஒரு கறுத்த உடல், ஒரு ஜோடி பூட்ஸ். முகமும் இல்லை, பெயரும் இல்லை. ரோசா ஆயுள் முழுதும் அலைந்தாலும் அவனை நிறுத்திக் கேள்வி கேட்க முடியாது. ஸ்டெல்லாவுக்கோ முகம் உண்டு, பெயர் உண்டு, நியூயார்க்கில் ஒரு முகவரியும் உண்டு. கொன்றவன் எட்டாத இடத்திற்குப் போய்விட்டதால், அவன் தீர்க்க வேண்டிய கணக்கு முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது.

ரோசா தன் கடிதங்களில் அவளைப் பொன்னே, அழகே என்று விளிக்கிறாள். மனத்துக்குள் மரண தேவதை என்கிறாள். ஸ்டெல்லா அனுப்பும் பணத்தில்தான் வாழ்கிறாள். ஸ்டெல்லாவுக்கு எழுதுவது அரைகுறை ஆங்கிலத்தில். இறந்த மகளுக்கு எழுதுவதோ உயர்ந்த இலக்கியப் போலிஷ் மொழியில். ஸ்டெல்லாவைக் கல்நெஞ்சக்காரி என்று வாசிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தைப் பருவத்தில் குளிருக்குப் போர்த்திக்கொண்ட குற்றத்தை ஒருவர் எத்தனை ஆண்டுகள் சுமக்க முடியும்? நடந்ததை மறந்துவிடும்படி அவள் ரோசாவை வற்புறுத்துவதில், தன்னை விட்டுவிடும்படி கெஞ்சும் குரல் எனக்குக் கேட்கிறது.

இந்த விரிசல் போருக்குப் பின் தொடங்கியதல்ல என்பதை ஈடா ஃபிங்கின் 'சாவி விளையாட்டு' என்ற மிகச் சிறிய கதை காட்டுகிறது. 1921இல் அன்றைய போலந்தின் ஸ்பராஷில் பிறந்து, போலி ஆவணங்களால் உயிர் தப்பி, 1957இல் இஸ்ரேலில் குடியேறியவர் அவர். கதையில் ஒரு தாய், தேடி வருவோரைச் சமாளிப்பதற்கான ஒத்திகையாக, அழைப்பு மணியின் ஓசையைத் தன் வாயால் எழுப்புகிறாள். மூன்று வயது மகன் ஓடிவந்து, சாவியைத் தேடுவதுபோல் நாற்காலிகளை இழுத்து ஓசை எழுப்பி, தந்தை ஒளிந்துகொள்ள நேரம் ஏற்படுத்தித் தர வேண்டும். அப்பா எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். ஒளிவிடத்திலிருந்து தூசி படிந்த தலையோடு வெளியே வந்து தந்தை பக்கத்தில் நிற்கும்போதே, பையன் அதைச் சொல்லிப் பழகுகிறான். அந்தக் குடும்பம் முழுமையாகப் பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாக்கியத்தைச் சொல்லி வளர்ந்த மகனுக்கும் கேட்டிருந்த தந்தைக்கும் இடையே அது இல்லாமல் போய்விடுமா?

பிரெஞ்சு எழுத்தாளர் பிலிப் கிரான்பேர் 2004இல் வெளியிட்ட, தன் வாழ்வைத் தழுவிய 'ரகசியம்' என்ற நாவல் இன்னும் நேராக வலியைத் தொடுகிறது. தன் சகோதரனின் மனைவி தானியாவிடம் கணவனின் மனம் சென்றுவிட்டதை உணர்ந்த ஹானா, பிரான்ஸில் ஜெர்மானியர் பிடித்த பகுதியைப் பிரித்த எல்லைக் கோட்டைக் கடக்கும் வேளையில் போலி ஆவணத்தை விட்டு உண்மையான ஆவணத்தை எடுத்து நீட்டுகிறாள். கூட இருந்த சிறுவன் தன் மகன் என்றும் சொல்லிவிடுகிறாள். இருவரும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் மாண்டபின் கணவன் தானியாவை மணக்கிறான். அவர்களுக்குப் பிறந்த கதைசொல்லிக்கு, தனக்கு முன் ஓர் அண்ணன் இருந்ததே பதினைந்து வயதில், அதுவும் பெற்றோர் அல்லாத ஒருவர் வாயிலாகத்தான் தெரியவருகிறது. அங்கே சண்டை இல்லை, கூச்சல் இல்லை. ஒரே வீட்டில் மூவரும் அவரவர் மௌனத்துக்குள் இருக்கிறார்கள். பிரான்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களின் பெயர்களை, எந்த ரயிலில் எந்த நாளில் அனுப்பப்பட்டார்கள் என்ற விவரத்தோடு வரலாற்றாய்வாளர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் 1978இல் நூலாகத் தொகுத்தார். நாவலின் மகனும் பின்னாளில் இத்தகைய ஆவணங்களில் தேடி, ஹானாவும் சிறுவனும் இறந்த நாளைக் கண்டறிந்து தந்தையிடம் சொல்கிறான். அந்த வீட்டில் முதன்முதலாக ஓர் உண்மை பேசப்படுவது அப்போதுதான்.

மாண்டவர்களைச் சிறுமைப்படுத்துவதாக நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பிழைத்தவர்கள் தூயவர்களாகவும் அன்பே உருவானவர்களாகவும் இருந்தால்தான் அவர்கள் இழப்புக்கு இரங்குவோம் என்று நாம் நிபந்தனை விதிப்பதுதான் எனக்குச் சிறுமையாகத் தோன்றுகிறது. இக்கதைகளை எழுதியவர்கள் அந்த நிபந்தனைக்கு இணங்கவில்லை. ரோசாவின் கோபம் அநியாயமானது என்பதை மறைக்காமலே, அவள்மீது நமக்குள்ள இரக்கம் ஒரு துளியும் குறையாதபடி ஓசிக் எழுதியிருக்கிறார். இரண்டாம் கதையில் ஸ்டெல்லா எழுதும் கடிதத்தை, முகாமில் அவளுக்கு இருந்த வயதை மனத்தில் வைத்து, இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.