பவானிசாகர் அணை நிரம்பினால் பூமி சுற்றும் வேகம் குறையுமா?

குறையுங்க. ஆனால் அளக்க முடியாது. மனிதர் செயலால் அளக்கிற அளவுக்கே ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது; அது அணையால் வருவதில்லை.

முதலில் அணைக் கணக்கு. பவானிசாகரின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி., ஏறத்தாழ 93 கோடி டன் தண்ணீர். மலையோரம் உயரத்தில் தேக்குவதால்தான் வேகம் குறைகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். 6,371 கிலோமீட்டர் ஆரத்துக்கு முன்னால் சில நூறு மீட்டர் உயரம் கணக்கிலேயே வராது. அட்சரேகைதான் விஷயம். கோவையில் ஃபிளைவீல் (சுழலும் கனத்த சக்கரம்) வார்ப்பவரைக் கேளுங்கள்: சுற்றும்போது அதே எடை நடுவுக்கு நகர்ந்தால் வேகம் கூடும், விளிம்புக்கு நகர்ந்தால் வேகம் குறையும். பூமிக்கு விளிம்பு நிலநடுக்கோடு, நடு துருவம்.

அணைத் தண்ணீர் கடலிலிருந்து வந்தது. உலகெங்கும் பரவிய கடல்நீரைச் சராசரியாக எடுத்தால், அது 35 டிகிரி அட்சரேகையில் இருப்பதற்குச் சமம். பவானிசாகர் இருப்பதோ 11.5 டிகிரியில். ஆக, தண்ணீர் விளிம்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது. போட்டுப் பார்த்தால் நாள் சுமார் 0.01 மைக்ரோ வினாடி நீள்கிறது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் இதைப்போல 40 மடங்குக்கு மேல் தண்ணீர் நிற்கும், விளைவு 0.06 மைக்ரோ வினாடிதான். அது 31 டிகிரியில், அந்த 35-ஐ ஒட்டியே இருப்பதுதான் காரணம்.

தொலைதூர குவாசர்களை (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்கள்) ரேடியோ தொலைநோக்கிகளால் பார்த்து நாளின் நீளத்தைச் சுமார் 10 மைக்ரோ வினாடித் துல்லியத்தில் அளக்கிறார்கள். காற்று மட்டுமே பருவத்துக்குப் பருவம் அதை 1 மில்லி வினாடி வரை மாற்றும், நம் அணையைப்போல லட்சம் மடங்கு. அதற்குள் அணையைப் பிரித்தெடுக்க வழியில்லை.

உலக மக்கள் எல்லோரும் ஒரே திசையில் ஓடினால்? நின்றதும் பழைய வேகம் திரும்பிவிடும்.

போர்வெல் கதை வேறு. ஆயிரம் அடி தோண்டி இறைக்கும் தண்ணீரும் கடைசியில் பெரும்பாலும் கடலுக்குத்தான் போகிறது. 1993 முதல் 2010 வரை உலகம் இறைத்த நிலத்தடி நீர் சுமார் 2,15,000 கோடி டன். அதனால் பூமியின் சுழல்துருவம் (சுழல் அச்சு தரையைத் தொடும் இடம்) 80 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று 2023-இல் கணக்கிட்டார்கள். மோட்டார் ரோட்டரில் பேலன்ஸ் தப்புவது மாதிரி இது. வேகம் வேறு, ஆட்டம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனிதர் செயலால் வேகத்தை உண்மையில் குறைப்பது துருவப் பனி உருகுவதுதான். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் உருகும் நீர் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிறது. பருவநிலை மாற்றத்தால் 2000-க்குப் பிறகு நாள் நீளும் வீதம் நூற்றாண்டுக்கு 1.33 மில்லி வினாடி. நிலவின் இழுப்பால் நீள்வதே 2.4 தான், பாதிக்கு மேல் எட்டிவிட்டோம். இதற்கு எதிராக, பூமியின் திரவக் கரு மெதுவாவதால் மேலோடு வேகமெடுக்கிறது. பனி மட்டும் உருகாதிருந்தால் உலகக் கடிகாரங்களில் ஒரு நொடியைக் கழிக்கும் தேவை 2026-லேயே வந்திருக்கும், உருகுவதால் அது 2029-க்குத் தள்ளிப்போகிறது என்கிறது 2024-இல் வந்த ஆய்வு.