சென்னை வீட்டில் பால் பைத்தான்: பெட்டியில் என்ன மாற்ற வேண்டும்?

கேள்வி: ஒரு வயதுள்ள பால் பைத்தான் (சிறிய மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். சென்னையில் மேல்மாடி வீடு. இரண்டடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி, மேலே கம்பிவலை மூடி. 100 வாட் சிவப்பு பல்பு இரவும் பகலும் எரிகிறது. உள்ளே சூடாகும் செயற்கைக் கல் ஒன்றும் உண்டு. அடியில் மணல். இரவில் அறையில் ஏ.சி. 24-இல் ஓடும். ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை, தோலும் துண்டு துண்டாக உரிகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கல்லின் பிளக்கைப் பிடுங்கி வெளியே எடுத்துவிடுங்கள். பாம்பின் உடல் மேலிருந்து வரும் வெயிலுக்குப் பழகியது. வயிற்றுக்குக் கீழே ஒரே இடம் 45 டிகிரிக்குப் போனாலும் அது சட்டென்று விலகாது, அப்படியே சுருண்டு படுத்திருக்கும். வயிற்றுச் செதில் வெந்து கொப்பளித்த பிறகுதான் நமக்கே தெரியவரும். இன்றே பாம்பைக் கையிலெடுத்து அடிவயிற்றைப் பாருங்கள். சிவப்போ பழுப்போ திட்டாக இருந்தால் மற்ற வேலையெல்லாம் பிறகு, முதலில் கால்நடை மருத்துவர்.

நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் தொட்டியில் பாம்புக்குப் போக்கிடம் இல்லை. பால் பைத்தான் (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும், அந்தப் பந்துதான் 'பால்') மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பிராணி. பகலெல்லாம் எலி வளையிலும் கறையான் புற்றிலும் கிடக்கும். இரை செரிக்கச் சூடான இடம், செரித்த பின் குளிர்ந்த இடம் என்று நகர்ந்துதான் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்கிறது. பெட்டியின் ஒரு முனை 32 டிகிரி, மறுமுனை 26 டிகிரி என இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு மேல் 100 வாட் பல்பைத் தொங்கவிட்டால் இரு முனையும் ஒன்றாகவே கொதிக்கும். இரவிலும் வெளிச்சம், ஒளிய இடமில்லை, பல்பும் ஏ.சி.யும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன. இந்த நிலையில் எந்தப் பாம்பும் இரையைத் தொடாது.

வளர்ந்த பால் பைத்தானுக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். 'சின்னப் பாம்பைப் பெரிய பெட்டியில் விட்டால் மிரளும்' என்பார்கள். பாதி உண்மை. வெறும் பெட்டியாக இருந்தால் மிரளும். மறைவிடமும் இலைதழையும் அடைந்திருந்தால் மிரளாது. அதனால் இப்போதே கடைசிப் பெட்டியைச் செய்துவிடுவது சிக்கனம். இந்தப் பாம்பு சாதாரணமாக 20, 30 ஆண்டு வாழும்.

தச்சரிடம் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் 5 மி.மீ. நகரும் கண்ணாடி, கீழே 12 செ.மீ. உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. மூலைகளை மீன்தொட்டி சிலிக்கானால் அடைத்து, உள்ளே வாட்டர்-பேஸ்டு பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று பூச்சு. பூச்சு காய்ந்ததும் பாம்பை விட்டுவிடாதீர்கள். வாடை முழுதும் போக இரண்டு, மூன்று வாரமாகும். காற்றுக்கு இரண்டு வட்டச் சல்லடை போதும், அலமாரிக்குப் பொருத்துவது. ஒன்று குளிர்ந்த முனையில் தாழ்வாக, மற்றது சூடான முனையில் உயரமாக. சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதுக்காற்று தானாக உள்ளே வரும். கண்ணாடிக்கு ஷோகேஸ் பூட்டு கட்டாயம். தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழைந்துவிடும்.

சூட்டுக்கு, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், 60 முதல் 100 வாட். இதைப் பேக்கலைட் ஹோல்டரில் மாட்டினால் சில வாரத்தில் கருகிவிடும். பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். கூரையிலிருந்து தொங்கவிட்டு, சுற்றிலும் கம்பிக்கூண்டு போடுங்கள். இல்லையென்றால் பாம்பு அதைச் சுற்றிப் படுத்துச் சுட்டுக்கொள்ளும். அடியில் வைக்கும் சூட்டுப்பாய் உங்களுக்கு வேண்டாம். தரையில் எட்டு செ.மீ. கனத்துக்குக் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) போடப்போகிறோம். சூடு மேலே வராமல் அடியிலேயே தங்கிவிடும்.

தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து ஹீட்டரைத் தானே எரித்து அணைக்கும் கருவி) இல்லாமல் எந்த ஹீட்டரையும் மாட்டாதீர்கள். கோழிமுட்டை இன்குபேட்டருக்குப் பலர் வாங்கும் எஸ்.டி.சி. 1000 போதும். வயரிங்கை எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். எஃப்1-இல் 32, எஃப்2-இல் 1 என்று வையுங்கள்: 31-க்கு இறங்கினால் எரியும், 32 தொட்டால் அணையும். அதன் சென்சார் முனையை, ஹீட்டருக்கு நேர்கீழே இருக்கும் மறைவிடத்தின் மேல் ஒயர் கிளிப் போட்டு இறுக்குங்கள். பாம்பு முட்டித் தள்ளி அது தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால், தெர்மோஸ்டாட் 'இன்னும் குளிர்' என்று நினைத்து ஹீட்டரை எரித்துக்கொண்டே இருக்கும். அதற்காக செல்லோ டேப் ஒட்டிவிட வேண்டாம். பெட்டிக்குள் எந்த டேப்பும் ஆகாது. செதிலில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டாருக்காக எழுதியவை. அங்கே எப்படிச் சூடாக்குவது என்பதுதான் கவலை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி பகலில் உங்கள் ஹீட்டர் எரியவே எரியாது; எரியக்கூடாது. ஏ.சி. ஓடும் இரவுகளிலும் மார்கழி, தை அதிகாலைகளிலும்தான் அதற்கு வேலை. நமக்கு ஆபத்து சித்திரை, வைகாசிதான். குளிர்ந்த முனையே 32-ஐத் தாண்டினால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை. பெட்டி முழுதும் 35-க்கு மேல் நின்றால் உயிருக்கே ஆபத்து. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் மாலையில்தான் சூடு உச்சம், கூரை உள்வாங்கியதை அப்போதுதான் இறக்கும். பெட்டியை மேற்குச் சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் தள்ளி, தரைக்குப் பக்கத்தில் வையுங்கள். குளிர்ந்த முனை மறைவிடத்தைப் பூச்சில்லாத மண்சட்டியில் செய்து, வெயில் நாளில் தண்ணீரில் ஊறவைத்துக் கவிழ்த்தால், பானைத் தண்ணீர் குளிர்வதுபோல் அதுவும் ஓரிரு டிகிரி குறையும். தாங்காத நாளில் வேறு வழியில்லை, பகலிலும் ஏ.சி.யை 28-இல் ஓடவிடுங்கள்.

மறைவிடம் இரண்டு, இரண்டும் ஒரே மாதிரி, முனைக்கு ஒன்று. ஒன்று மட்டும் வைத்தால் பாம்பு பாதுகாப்புக்காக வெப்பத்தை விட்டுக்கொடுக்கும். குளிரில் இரை செரிக்காமல் கக்கும். அளவு இறுக்கமாக இருக்க வேண்டும், சுருண்டால் முதுகும் பக்கமும் சுவரில் உரச வேண்டும். பூந்தொட்டியை ஒரு இரவு ஊறவைத்து, விளிம்பில் ஹேக்சா பிளேடால் ஐந்து செ.மீ. வாசல் அறுத்து, உப்புத்தாளால் முனை மழுக்கினால் போதும். நடுவில் தென்னம்பாளை, உரிமட்டை, பிளாஸ்டிக் கொடி என்று தாராளமாக அடையுங்கள். பாளையை மட்டும் வெயிலில் நன்றாகக் காயவைத்து உதறிவிட்டுப் போடுங்கள், உள்ளே எறும்பு குடியிருக்கும்.

தரைக்கு மணலை அள்ளிவிட்டுக் கோகோபீட். கணக்கு: 120 × 60 × 8 செ.மீ. என்றால் ஏறக்குறைய 58 லிட்டர். ஐந்து கிலோ கட்டி ஒன்று ஊறினால் அதற்குமேலே வரும். உப்பு நீக்கிய, கழுவிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தனித்தூள் காய்ந்தால் மூக்கில் அடைக்கும், அதனால் மூன்றில் ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு கலந்துகொள்ளுங்கள். மர டிப்போ ரம்பத்தூள் வேண்டாம்; எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது.

தோல் துண்டாக உரிவதற்கு நேர்க் காரணம் வறட்சி. ஈரப்பதம் 60 முதல் 75 சதவீதம் வேண்டும். கடற்கரை ஊரில் இது தானாகக் கிடைக்கும், ஏ.சி. அதைப் பறித்துவிடும். ஸ்பிரே அடிப்பதால் பயனில்லை. மேல்பரப்பு மட்டும் நனைந்து, வயிற்றில் செதில் அழுகல் வரும். வாரம் ஒருமுறை நான்கு மூலையிலும் கால் லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். கீழே ஈரம், மேலே காய்ந்த தரை, அதுதான் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊற்றவே தேவையில்லை. கண் பால்போல் மங்கினால் உரிக்கப்போகிறது என்று பொருள். அப்போது ஈரத் தேங்காய்நார் போட்ட டப்பா ஒன்று உள்ளே வையுங்கள். கண்மேல் பழைய தோல் ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ளாதீர்கள், கண்ணே போய்விடும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு லிக்விட், எறும்புச் சாக்பீஸ் மூன்றும் கூடாது. இவற்றில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்பைத் தாக்கும். எறும்புக்குப் பழைய வழிதான்: பெட்டியைக் கால் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

சட்டம்: இந்தப் பாம்பு, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படியும் 2024 விதிகளின்படியும் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லையென்றால் பெட்டிக்கு முன் அதை முடியுங்கள்.

பெட்டி தயாரானதும் பாம்பில்லாமல் மூன்று நாள் ஓட்டி, காலை ஆறு, மாலை நான்கு, இரவு பதினொன்று என மூன்று வேளையும் இரு முனை அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். முள் காட்டும் வட்ட மானியை நம்ப வேண்டாம், டிஜிட்டல் வாங்குங்கள். எண்கள் நிலைத்த பிறகு பாம்பை விட்டு, ஏழு நாள் தொடாதீர்கள். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். எட்டாம் நாள் இரவு, பாம்பின் தடித்த பகுதி அளவுக்கே தடிமனான எலி, உறைந்ததை உருக்கி வெந்நீரில் 38 டிகிரிக்குச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். எடுக்காவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி. சமையலுக்கு வைத்திராத தராசு ஒன்றில் பதினைந்து நாளுக்கொருமுறை எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ, பெட்டியைத் திருத்திக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.