மூத்திரத்துல ரத்தம் வந்துச்சு, வலி இல்ல, தானா நின்னும் போச்சு: மூத்திரப்பை கேன்சர் கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். யூராலஜி (மூத்திர நோய்) வார்டுலயும், மூத்திர வழியா கேமரா வச்ச ட்யூப விட்டு மூத்திரப்பைய பாக்குற சிஸ்டோஸ்கோபி ரூம்லயும் 24 வருசம் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ நான், ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். நீங்க கேட்டதுக்கு ஒவ்வொண்ணா சொல்லுதேன். மருந்து மாத்திரைய கூட்டுறது குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர்ட்ட கேட்டுத்தான் செய்யணும், அத மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

ஆலங்குளத்து தம்பி: அக்கா, எங்க அப்பாவுக்கு 61 வயசு. போன வாரம் ஒருநா காலைல மூத்திரம் சிவப்பா போயிருக்கு. வலி எரிச்சல் ஒண்ணும் இல்ல. வயல்ல வெயில்ல நின்னதுல சூடு பிடிச்சிட்டுன்னு பதநி வாங்கி குடிச்சாவ, மறுநாளே சரியாயிட்டு. இனிமே டாக்டர்ட்ட போணுமா?

போணும் தம்பி. இந்த வாரத்துக்குள்ளயே போணும்.

நம்ம ஊர்ல மூத்திரத்துல எது வந்தாலும் சூடுதான். பதநி, இளநி, நுங்கு, வெந்தயம், சிறுநெருஞ்சி கசாயம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாவ, குடிச்ச மறுநா ரத்தம் நின்னுரும், பாத்தியா கேட்டுட்டுன்னு சந்தோசமா இருந்துருவோம். மூத்திரப்பைக்குள்ள வர்ற கட்டி பெரும்பாலும் பாசி மாதிரி மெல்லிசா நீட்டிக்கிட்டு வளரும், அதுல உள்ள ரத்தக்குழாய் ரொம்ப லேசானது, எப்பயாவது உடைஞ்சு ரத்தம் வரும், பிறகு தானா அடைச்சுக்கிடும். பதநி குடிக்காட்டியும் நின்னுருக்கும். கட்டி அங்கனயேதான் இருக்கும். அடுத்த ரத்தம் நாலு மாசம் கழிச்சுகூட வரலாம், அதுவரைக்கும் அது சும்மா இருக்காது.

கல்லுன்னா விலாவுல வலி உயிர் போவும், கிருமின்னா எரிச்சல் இருக்கும், காய்ச்சல் வரும். வலியே இல்லாம ரத்தம் மட்டும் வந்தாத்தான் நாங்க கூடுதலா கவனிப்போம். எங்க பெரியப்பாவுக்கு இப்படித்தான் ஒரு சித்திரை மாசம் வந்துச்சு. அப்ப நான் வேலைக்கு சேந்த புதுசு, எனக்கே தெரியல, நானே நீராகாரம் கரைச்சு குடுத்தேன். நின்னுட்டு. மறுபடி மார்கழில கட்டி கட்டியா ரத்தம் வந்து மூத்திரமே அடைச்ச பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனோம், அப்ப கட்டி மூத்திரப்பை சுவரோட தசைக்குள்ள இறங்கியிருந்துச்சு. அந்த எட்டு மாசத்த நினைச்சா இன்னைக்கும் தூக்கம் வராது எனக்கு. அதனாலதான் இத இவ்வளவு நீட்டி எழுதுதேன்.

பயப்படவும் வேண்டாம். ரத்தம் வந்தவங்கள்ல நிறைய பேருக்கு கல்லு, ப்ராஸ்டேட் வீக்கம், கிருமின்னுதான் முடியும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பா போவும், டிபி மாத்திரை ரிஃபாம்பிசின் சாப்பிட்டா ஆரஞ்சு கலர்ல போவும். இதெல்லாம் இல்லன்னா யூரின் டெஸ்ட், ஸ்கேன், அப்புறம் சிஸ்டோஸ்கோபி. ஸ்கேன் நார்மல்னதும் வீட்டுக்கு வந்துராதீங்க, சின்ன கட்டியும் சுவரோட படிஞ்ச கட்டியும் ஸ்கேன்ல தப்பிச்சுரும்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருத்தர்: சிஸ்டோஸ்கோபின்னா கம்பி விடுவாங்களாமே, அதுக்கு பயந்தே போகாம இருக்கேன்.

அண்ணாச்சி, மரத்துப்போற ஜெல்லிய முதல்ல உள்ள விட்டு கொஞ்ச நேரம் வச்சிருந்துதான் பண்ணுவாவ. வளையுற ட்யூப்னா வேலை அஞ்சு பத்து நிமிசத்துல முடிஞ்சிரும். ஒருநா ரெண்டுநா எரிச்சல் இருக்கும், தண்ணி நல்லா குடிக்கணும். முகமெல்லாம் வேர்த்து உள்ள வந்தவங்க "இம்புட்டுத்தானா"ன்னு கேட்டுட்டு வெளிய போனத எத்தனயோ தடவ பாத்திருக்கேன்.

முக்கூடல்ல இருந்து ஒரு அக்கா: நாங்க பீடி சுத்துதோம், சின்ன வயசுல இருந்து. எங்க வீட்டுக்காரர் நாளைக்கு ரெண்டு கட்டு குடிக்காவ. மூத்திரப்பைக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம், புகை நெஞ்சுக்குள்ளதான போவுது?

நல்ல கேள்விக்கா. நெஞ்சுக்குள்ள போற புகைல உள்ள விசம் ரத்தத்துல கலந்துரும், ரத்தத்த கிட்னி வடிகட்டும், வடிகட்டுன அழுக்கு மூத்திரமா வந்து பைல சேரும், அந்த பை அத மணிக்கணக்கா உள்ள வச்சுக்கிட்டு இருக்கும், உள்சுவர் செல்லு பூரா அந்த விசத்துல நனைஞ்சுக்கிட்டே கிடக்கும், இப்படியே இருபது முப்பது வருசம். பீடியோ சிகரெட்டோ, புகையில புகைதான். இந்த கேன்சர்ல ஏறக்குறைய பாதிக்கு புகைதான் காரணம், குடிக்காதவங்கள விட குடிக்கிறவங்களுக்கு மூணு மடங்குக்கு மேல ஆபத்து. பொம்பளைகள விட ஆம்பளைகளுக்கு மூணு நாலு மடங்கு அதிகமா வருது, அதுக்கும் இது ஒரு பெரிய காரணம்.

விட்டா சில வருசத்துலயே ஆபத்து இறங்க ஆரம்பிக்கும். கேன்சர் வந்த பிறகு விட்டாலும் பிரயோசனம் உண்டு, விடாதவங்களுக்கு கட்டி திரும்ப வர்றது கூடுதல்.

சுத்துற உங்களுக்கு தூள் மூக்குலயும் தோல்லயும் ஏறுது, இருமல், மூச்சு, தோல் தொந்தரவு எல்லாம் அதுல வரும். சொளவ மடில வச்சு சுத்தும்போது மூக்குல துணி கட்டிக்கிடுங்க, ஜன்னல தொறந்து வைங்க, கை கழுவாம சோத்துல கை வைக்காதீங்க. உங்க வீட்டுல புகையிறது அவுக பீடி, அந்த புகை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேத்துதான் போவுது. அவுகளுக்கு 50 தாண்டியிருந்தா மூத்திரத்த பாத்துட்டு தண்ணி ஊத்தச் சொல்லுங்க, சிவப்பு தெரிஞ்சா மறைக்கக் கூடாதுன்னு சொல்லி வைங்க.

வீரவநல்லூர் அண்ணன்: எங்க அய்யா சாயப்பட்டறைல நூலுக்கு சாயம் போட்டவரு. சாயத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுங்காங்களே?

உண்டு. 1895-லயே ஜெர்மனில லூட்விக் ரேன்னு ஒரு சர்ஜன், சாய ஃபேக்டரில வேல பாத்தவங்களுக்கு மூத்திரப்பைல கட்டி வருதுன்னு கண்டு சொல்லிட்டாரு. பிறகுதான் பென்சிடின், நாஃப்தைலமைன் மாதிரி கெமிக்கல்தான் காரணம்னு தெரிஞ்சுது. பென்சிடின்ல செய்யுற சாயங்கள நம்ம நாட்டுல 1990-கள்ல தடை பண்ணிட்டாங்க. ஆனா வேலைய விட்டு இருபது வருசம் கழிச்சும் நோய் வரும், அதனால அய்யா எப்பவோ விட்டுட்டாருன்னு நினைக்காம டாக்டர்ட்ட போனா பழைய தொழிலையும் சொல்லுங்க. இப்பவும் சாயம் போடுதவங்க வெறுங்கைய தொட்டில விடாதீங்க, கையுறை போடுங்க. பெயிண்ட் அடிக்கிறவங்க, ரப்பர் கம்பெனில வேல பாத்தவங்களுக்கும் இதே பேச்சுதான்.

தென்காசி தங்கச்சி: தலைக்கு டை அடிச்சா வருமா?

நாளெல்லாம் அடுத்தவங்க தலைக்கு டை போடுற பார்லர்காரங்க, சலூன்காரங்கதான் கவனமா இருக்கணும், கையுறை போடணும். மாசம் ஒருக்க வீட்டுல அடிக்கிறதுக்கு இவ்வளவு பயம் வேண்டாம்மா.

சேரன்மகாதேவி ஐயா ஒருத்தர்: எனக்கு சுகர். பயோகிளிட்டசோன் சாப்பிடுதேன். இதால இந்த கேன்சர் வரும்னு சொல்லி ஒருவாட்டி நிறுத்துனாங்கல்லா?

ஆமா ஐயா, 2013 ஜூன்ல இந்தியாவுல தடை பண்ணி, அடுத்த மாசமே எச்சரிக்கையோட திரும்ப விட்டாங்க. வருசக்கணக்கா சாப்பிட்டா ஆபத்து கொஞ்சம் கூடலாம். ஏற்கனவே மூத்திரப்பை கேன்சர் வந்தவங்க, காரணம் தெரியாம மூத்திரத்துல ரத்தம் வர்றவங்க இத சாப்பிடக் கூடாது. நீங்களா நிறுத்தி சுகர ஏத்திக்கிடாதீங்க, டாக்டர்ட்ட கேட்டா வேற மாத்திரை எழுதுவாரு.

களக்காடு மயினி ஒருத்தங்க: எனக்கு 58 வயசு. ஆறு மாசத்துல நாலு தடவ கிருமின்னு மாத்திரை குடுத்துட்டாங்க. எரிச்சல் கொஞ்சம் குறையும், திரும்ப வரும்.

மயினி, ஒவ்வொரு தடவையும் யூரின் கல்ச்சர், அதாவது மூத்திரத்துல கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட், எடுத்தாங்களா? கல்ச்சர்ல கிருமியே வளராம எரிச்சலும் ரத்தமும் மட்டும் இருந்தா இன்னும் ஒரு கோர்ஸ் மாத்திரைன்னு ஒத்துக்கிடாதீங்க, யூராலஜி டாக்டர பாக்கணும்னு நீங்களே கேளுங்க. பொம்பளைகளுக்கு இந்த நோய் லேட்டா தெரிய முக்கிய காரணமே இதுதான், கிருமின்னு மாசக்கணக்கா ஓட்டிருவாங்க. மாதவிடாய் நின்ன பிறகு சிவப்பு பட்டா அது கர்ப்பப்பைல இருந்தா மூத்திரத்துல இருந்தான்னு பாக்கணும், ரெண்டுமே விடக்கூடாத விசயம்.

வள்ளியூர் தம்பி: கட்டிய சுரண்டி எடுத்துட்டாங்க. இப்ப பிசிஜி விடணும்னு சொல்லுதாங்க. அது டிபி ஊசில்லா?

அதேதான் தம்பி, பிள்ளை பிறந்ததும் கைல போட்டு தழும்பு விழுமே அந்த பிசிஜிதான், இங்க ட்யூப் வழியா நேரா மூத்திரப்பைக்குள்ள விடுவாங்க. அதப் பாத்து உடம்போட எதிர்ப்பு சக்தி அங்கன கூடி மிச்ச சொச்ச கேன்சர் செல்லையும் சேத்து அடிக்கும். வாரம் ஒண்ணா ஆறு வாரம், பிறகு சிலருக்கு இடைவெளி விட்டு தொடருவாங்க. ரெண்டு மணி நேரம் அடக்கி வைக்கணும். அன்னைக்கு ஆறு மணி நேரத்துக்கு உக்காந்துதான் மூத்திரம் போணும், போன பிறகு ப்ளீச் ஊத்தி கால்மணி நேரம் விட்டு தண்ணி ஊத்தணும். லேசா காய்ச்சல் வரும், ஆனா குளிர் காய்ச்சல் விடாம அடிச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு போயிரணும். கண்டுபிடிக்கும்போது பத்துல ஏழு பேருக்கு உன்ன மாதிரி தசைக்குள்ள போகாமத்தான் இருக்கும். ஆனா திரும்ப வர்ற குணம் இதுக்கு ஜாஸ்தி, மூணு மாசத்துக்கு ஒருக்க செக்கப்புக்கு வான்னா வேலை இருக்குன்னு தள்ளிப் போடாத.

அம்பை தம்பி: சித்தப்பாவுக்கு மூத்திரப்பையவே எடுத்துட்டு மூத்திரம் சேர வயித்துல வெளிப்பை வச்சிருக்காவ. கோயில் கொடைக்குக்கூட வரமாட்டேங்காவ, நாத்தம் அடிக்கும்னு.

சரியா ஒட்டுன பை நாத்தம் அடிக்காதுப்பா. பாதி நிறையுறதுக்கு முன்னயே காலி பண்ணணும், ராத்திரிக்கு பெரிய பைய மாட்டி விடணும். காயம் ஆறிட்டா தாமிரவருணில இறங்கி குளிக்கலாம். ஒட்டுறதுக்கு சொல்லிக் குடுக்கிற நர்ஸ் ஆஸ்பத்திரில இருப்பாங்க, சித்தப்பாவோட சேந்து நீயும் போய் கத்துக்கோ, வீட்டுல ஒரு ஆளுக்கு தெரிஞ்சிருந்தா சித்தப்பாவுக்கு பாதி பயம் போயிரும். கொடைக்கு முன்னால நீயே பைய மாத்தி விட்டு கூட்டிட்டு போ.

ஆலங்குளத்து தம்பி திரும்ப: அக்கா, அப்பாட்ட சொல்லிட்டேன். "சரியாயிட்டுல்லா, பிறகு எதுக்கு"ங்காவ.

சண்டை போடாத. யூரின் டெஸ்ட்டுக்கு மட்டும்னு சொல்லி கூட்டிட்டு போ. பாளை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரில யூராலஜி இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு கார்டும் ஆதாரும் எடுத்துக்கோ. ஸ்கேனுக்கு தண்ணி குடிச்சு அடக்கி வச்சிருக்கணும். இப்ப டெஸ்ட்ல ரத்தம் இல்லன்னு வரலாம், அப்படி வந்தாலும் அன்னைக்கு சிவப்பா போனத நீயே டாக்டர்ட்ட சொல்லிரு, அப்பா சொல்ல மாட்டாவ. அப்பா பீடி குடிக்கிறவருன்னா எத்தன வருசம்னும் சொல்லு. பாத்துட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது தம்பி.