மூடுபனி ஊரில் லவெண்டர் வாசப்பை

கேள்வி: வீட்டு லவெண்டரை வெட்டி இரண்டு கிழமை தொங்கவிட்டு, சின்னப் பைகளாகத் தைத்து அலுமாரியில் வைத்தேன். ஒரு மாதத்தில் வாசம் போய்ப் பூஞ்சண நெடி வருகிறது. எங்கே பிழை? – வாசகி, நானுஓயா

பதில்: உங்கள் பூ வாடியிருக்கிறது, காயவில்லை. தேயிலைக் கொழுந்தை வாட்டுவது வேறு, உலர்த்துவது வேறு என்பது மலையகத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு கிழமைக் கணக்கு வறண்ட காற்றுள்ள ஊர்களுக்குத்தான் சரி. மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியுமாக இருக்கையில், நான்கு கிழமை தொங்கினாலும் கட்டின் நடுவில் ஈரம் நிற்கும். முடிந்தால் சனவரி முதல் மார்ச் வரையிலான வெயில் நாட்களில் வெட்டுங்கள். கதிரின் அடிப்பூக்கள் மூன்றில் ஒரு பங்கு விரிந்திருக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணியளவில் வெட்டலாம்.

ஒரு கட்டுக்கு 25 காம்புக்கு மேல் வேண்டாம். நூலால் கட்டினால் காம்பு சுருங்கியதும் உதிரும். இறப்பர் வளையம் போடுங்கள். இருட்டான, காற்றோடும் அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறமும் எண்ணெயும் போய்விடும். குசினி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை வாசம்தான் மிஞ்சும்.

காய்ந்ததா என்பதைக் கலண்டர் சொல்லாது, காம்பு சொல்லும். கட்டின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வளையுங்கள். டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம். பிறகு உதிர்த்த பூவைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி மூன்று நாள் வையுங்கள். உள்பக்கம் மங்கலாகப் பனித்தால் மறுபடி காயவைக்க வேண்டும். இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாசம் நிற்க வெட்டிவேர் நல்ல துணை. ஆறு மேசைக்கரண்டி பூவுக்கு, பொடியாக நறுக்கிய வெட்டிவேர் ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய கராம்பு இரண்டு. லவெண்டர் எண்ணெய் சேர்ப்பதானால் நான்கு துளியை வேரில் விடுங்கள்; வேர் அதைப் பிடித்துவைத்து மெல்ல விடும். எல்லாவற்றையும் போத்தலில் மூடி, தினமும் குலுக்கி, இரண்டு கிழமை ஊறவிடுங்கள். உங்கள் செடியின் இலை ஓரம் பல் பல்லாக இருந்தால் அது கற்பூர வாடை தூக்கலான வகை. அதற்குக் கராம்பு வேண்டாம்.

பைக்குப் பழைய பருத்திச் சேலைத் துணியே போதும். நைலோன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். 10 சென்ரிமீற்றர் நீளப் பையில் முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். கசக்க இடம் இருந்தால்தான் பூ உடைந்து வாசம் விடும்.

பூஞ்சணம் பிடித்த பூவைக் காப்பாற்ற முடியாது, கொட்டிவிடுங்கள். துணியைக் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். அலுமாரியின் உள்பக்கத்தை வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, வெளிச்சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஈரமாகும்.