87 வயதில் பிரிட்ஜை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 87. வாரம் இரண்டு நாள் அடையாறில் ஒரு கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுவார். இப்போது காது மந்தம், விரலில் நடுக்கம். போன வாரம் ஸ்பேடு போட வேண்டிய இடத்தில், கையில் ஸ்பேடு இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிட்டாராம். பார்ட்னர் முகம் சுளித்தாராம். அதிலிருந்து கிளப் பக்கமே போகவில்லை. விட்டுவிடச் சொல்லலாமா? – ஒரு மகள், மயிலாப்பூர்

பதில்: தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுக்காக பிரிட்ஜ் ஆடிய ரீட்டா சோக்ஸிக்கு அப்போது 79 வயது.

கையில் இருக்கிற ஸ்பேடைக் கவனிக்காமல் விடுவது முப்பது வயதுக்காரருக்கும் நடக்கும். அப்பா டிக்ளேரராக (ஏலத்தில் வென்று ஆட்டத்தை நடத்துபவராக) ஆடும்போது, எதிரே டம்மியாக (தன் சீட்டுகளை மேசையில் விரித்துவிட்டு) இருக்கும் பார்ட்னர் "ஸ்பேடு இல்லையா?" என்று கேட்கலாம், விதியே அதற்கு இடம் தருகிறது. உடனே தெரிந்தால் அபராதம் இல்லாமல் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுங்கள். கையில் சிவப்பு, கறுப்பு மாறி மாறி வருவதுபோல் அடுக்கினால் ஸ்பேடும் கிளாவரும் குழம்பாது.

நடுக்கத்துக்கு ஒரு மரக்கட்டை போதும். 13 சீட்டும் நிற்கிற மாதிரி, கொஞ்சம் வளைவாகக் காடி வெட்டித் தரச் சொன்னால் தெருமுனை ஆசாரியே செய்துவிடுவார். காது விஷயம் இன்னும் சுலபம். பிட்டிங் பாக்ஸ் (ஏலம் கேட்பதை வாயால் சொல்லாமல் எடுத்து வைக்கும் அட்டைகள் உள்ள பெட்டி) வைத்து ஆடினால் ஏலம் முழுவதும் கண்ணெதிரே அட்டையில் கிடக்கும்.

டூப்ளிகேட் ஆட்டத்தில் (ஒரே சீட்டுகளை வெவ்வேறு ஜோடிகள் ஆடிப் பார்க்கும் போட்டி முறை) பெரும்பாலும் வடக்கு–தெற்கு ஜோடி உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும், மற்றவர்கள்தான் மேசை மாறுவார்கள். அந்த இடத்தை அப்பாவுக்குக் கேட்டு வாங்குங்கள். கழிவறைக்குப் பக்கத்து மேசையாக இருந்தால் இன்னும் நல்லது. எழுந்து போக அலுத்துக்கொண்டு தண்ணீரே குடிக்காத பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்னை மே மாதத்தில் அது ஆபத்து. ராத்திரி திரும்பும்போது யாராவது கூட வரட்டும்.

பிரிட்ஜ் ஆடினால் மறதி நோய் வராது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். போன சீட்டை மறப்பது வேறு. தெரிந்த வழியை, பார்ட்னரின் பெயரையே மறந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்த பார்ட்னர். நீங்கள் அவரிடம் பேச வேண்டாம், அப்பாவுக்கு அது அவமானமாகப் படும். அப்பாவே போன் செய்யட்டும், மன்னிப்புக் கேட்க அல்ல. "நம்ம சிஸ்டத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கலாமா?" என்று, இருவரும் ஏலத்துக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டை எடுத்து, ஆட்டத்தைப் பற்றியே பேச்சைத் தொடங்கினால் போதும்.